ராலிகிராஸ்: சொந்தக் கார் வாங்குவதற்கு முன்

யீஷூனில் வசிக்கும் 24 வயது இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். தேசிய சேவை முடிந்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்; கையில் வகுப்பு 3ஏ ஓட்டுநர் உரிமம் இருக்கிறது; மண்ணிலும் சரளையிலும் கார் ஓட்டும் ராலிகிராஸ் விளையாட்டில் இறங்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதற்கு வழி உண்டா, எந்தக் கார் வாங்குவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, வழி உண்டு. ஆனால் எந்தக் கார் வாங்குவது என்ற கேள்வியை ஓராண்டுக்காவது ஒத்திவையுங்கள். இந்த விளையாட்டில் புதிதாக நுழைபவர் பணம் கொடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள் மண் தடத்தில் கழியும் நேரம். அதையும் பிறருடைய காரில், பக்கத்து இருக்கையில் ஒரு பயிற்றுநரை வைத்துக்கொண்டு வாங்குவதே நல்லது. காரை முதலில் வாங்கியவர்கள் அதைப் பட்டறையில் நிறுத்தி அழகு பார்ப்பதையும், ஓட்டக் கற்றவர்கள் யாருடைய பழைய காரையோ இரவல் வாங்கி அவர்களை முந்துவதையும் இந்த வட்டாரத்தில் நிறையவே பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ராலிகிராஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட விளையாட்டுகள் உள்ளன. நீங்கள் காணொளிகளில் பார்த்திருப்பது ஐரோப்பிய வகையாக இருக்கும். 1967 பிப்ரவரி 4 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள லிடன் ஹில் தடத்தில், தொலைக்காட்சிக்காகவே ஏற்பாடு செய்யப்பட்ட ஒரு நிகழ்ச்சியாக அது பிறந்தது. போர்ஷே 911 ஓட்டிய விக் எல்ஃபர்டு அதில் வென்றார். பாதி தார், பாதி சரளை என்று கலந்த, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் நான்கைந்து கார்கள் ஒரே வரிசையில் நின்று புறப்பட்டு, உரசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் சில சுற்றுகள் ஓடும். 2014 முதல் உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ இதை உலக சாம்பியன் பட்டப் போட்டியாக நடத்தத் தொடங்கியது. அதன் உச்ச வகுப்பில் ஓடிய சூப்பர்கார்களின் ஆற்றல் ஏறத்தாழ 600 குதிரைத் திறன். 2022-இல் அந்த வகுப்பு மின்சாரக் கார்களுக்கு மாறியது; 2024-இல் எரிபொருள் கார்களும் அதில் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

மற்றொன்று, அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கழகம் அதே பெயரில் நடத்துவது. பரந்த மண் திடலில் கூம்புகளை வைத்துத் தடம் வகுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரை அனுப்பி, நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பக்கத்தில் மோதுவதற்கு எவரும் இல்லை. அன்றாடம் வேலைக்குப் போய்வரும் காரிலேயே கலந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் கானாகிராஸ், இந்தியாவிலும் மலேசியாவிலும் ஆட்டோகிராஸ் என்று வழங்கப்படுபவை இதன் நெருங்கிய உறவினர்கள். தொடங்குபவருக்கு உரியது இந்த இரண்டாம் வகை. ஐரோப்பிய வகையை இலக்காக வைத்திருப்பவரும் இதன் வழியாகச் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2014-இல் ராலிகிராஸின் முதல் உலகப் பட்டத்தை வென்ற நார்வே நாட்டவர் பெட்டர் சோல்பர்க், 2003-ஆம் ஆண்டின் உலக ராலி சாம்பியன். அதாவது, கார்கள் தனித்தனியே ஓடும் ராலியில் பட்டம் வென்ற பிறகே, பிறரோடு தோளுரசும் தடத்தின் உலகப் பட்டம் அவருக்குக் கிடைத்தது.

சிங்கப்பூரின் நிலைமை உங்களுக்குத் தெரியாததன்று. இங்கே நிரந்தர மோட்டார் பந்தயத் தடம் இல்லை. 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்தது. சாங்கியில் எழவிருந்த பந்தய வளாகம் 2010-களின் தொடக்கத்தில் பாதியிலேயே கைவிடப்பட்டது. 2008 முதல் மரினா பே வட்டாரத்தில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயம் சில நாள்களுக்கு மட்டும் மூடப்படும் பொதுச் சாலைகளில் ஓடுகிறது. மண் தடம் என்று சொல்லத்தக்க ஓரிடம் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு இல்லை. லிம் சூ காங் ஒற்றைத்தடச் சாலைகளிலும் துவாஸ் தொழிற்பேட்டையின் ஆளில்லாத சாலைகளிலும் இரவில் பழகிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சட்டவிரோதப் பந்தயம் என்று வழக்கு வந்தால் சிறை, அபராதம், உரிம ரத்து ஆகியவற்றோடு வாகனமே பறிமுதலாகலாம். அந்த வாகனம் அப்பாவுடையதாக இருந்தால் அடுத்து நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சொந்தக் கார் வேண்டாம் என்பதற்கு வாகன உரிமைச் சான்றிதழ் ஒன்றே போதுமான காரணம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளியையும், பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளியையும் தொட்டன. பத்தாண்டுகள் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதிக்கு மட்டும் இந்த விலை, கார் தனி. அவ்வளவு கொடுத்து வாங்கிய வண்டியைச் சரளையில் விட்டு, அடித்தகட்டை நசுக்கி, சக்கர வளைவுகளில் கல்லடி வாங்கவைக்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கு என் அறிவுரை தேவைப்படாது.

சரி, இங்கிருந்தபடியே செய்யக்கூடியது என்ன? முதலில் உங்கள் 3ஏ உரிமத்தை வகுப்பு 3 ஆக்கிக்கொள்ளுங்கள். 3ஏ உரிமத்தில் ஆட்டோ கியர் கார்களை மட்டுமே ஓட்ட முடியும்; பயிற்சிப் பள்ளிகளும் தொடக்கநிலைப் போட்டிக்காரர்களும் வைத்திருக்கும் பழைய கார்களோ பெரும்பாலும் மேனுவல் கியர் வண்டிகள். மேனுவல் வண்டியில் செய்முறைத் தேர்வில் தேறவேண்டியிருக்கும். உபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் உள்ள ஓட்டுநர் பயிற்சி நிலையங்களில் எது உங்களுக்கு வசதியோ அங்கே பாடங்களுக்குப் பதிவு செய்யுங்கள். தேர்வில் தேறிவிட்டால் போதாது. கிளட்சை எங்கே விட வேண்டும் என்று காலுக்குத் தெரிந்து, மனம் அதை மறந்திருக்க வேண்டும். மண் தடத்தில் பின்சக்கரம் விலகும்போது கியர் எங்கே இருக்கிறது என்று தேடுபவரால் வேறெதையும் கற்க இயலாது.

அடுத்தது, ஓட்டும் கலை. சாலையில் நாம் அறியாமலே பழகியிருக்கும் பலவற்றை மண்ணில் மறக்க வேண்டியிருப்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். தார்ச்சாலையில் டயர் பற்றும், அல்லது பற்றாது. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. மண்ணிலோ டயர் வழுக்கிக்கொண்டே பற்றும். அந்த வழுக்கல் தவறல்ல. அதுவே அங்கு இயல்பு நிலை. ஆகவே காரைத் திருப்புவதற்கான முதல் கருவியாக ஸ்டியரிங்கை எண்ணுவதை விட்டுவிட்டு, வண்டியின் பாரம் எந்தச் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்று எண்ணத் தொடங்க வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது பாரம் முன்னால் சாய்கிறது, முன்டயர்கள் மண்ணைக் கவ்வுகின்றன, பின்பகுதி இலேசாகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பாரம் பின்னால் போகிறது; முன்டயர்களின் பிடி குறைகிறது. வளைவுக்குள் நுழையுமுன் நேர்க்கோட்டில் பிரேக் பிடித்து, அழுத்தத்தை மெல்லத் தளர்த்திக்கொண்டே திருப்பினால் முன்சக்கரங்களின் மேல் இருக்கும் பாரமே காரை உள்ளே இழுத்துச் செல்லும்.

பயிற்றுநர்கள் வழக்கமாக முதலில் தரும் பயிற்சி, ஒரு பெரிய வட்டம். நடுவில் கூம்புகளை வைத்து, இரண்டாம் கியரில் அந்த வட்டத்தைச் சுற்றிவரச் சொல்வார்கள். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஒரு கட்டத்தில் ஸ்டியரிங் திடீரென்று எடையிழந்து இலேசாகும். சக்கர வளைவுகளில் படபடவென்று தெறித்துக்கொண்டிருந்த கற்களின் ஓசை மாறி, மண்ணை அராவும் ஓசையாகும். கார் வட்டத்தைவிட்டு வெளியே நகரும். முன்சக்கரங்கள் பிடியை இழந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். புதியவரின் கை உடனே ஸ்டியரிங்கை மேலும் திருப்பும். அது பயன் தராது, முன்டயர்கள் குறுக்காக நின்று மண்ணை உழும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சிறிதளவு தளர்த்தி, ஸ்டியரிங்கையும் சற்று நேராக்க வேண்டும். அரை நொடியில் கையில் மீண்டும் கனம் வரும். அப்போது திருப்பினால் கார் கேட்கும். இந்தக் கனம் வருவதையும் போவதையும் உள்ளங்கையால் அறிந்துகொள்வதற்காகவே ஒரு முழு நாள் பயிற்சிக்குப் பணம் கொடுக்கலாம்.

பின்பகுதி விலகும்போது என்ன செய்வது என்பது காரைப் பொறுத்தது. முன்சக்கர இழுவைக் காரில் அஞ்சிக் காலை எடுத்துவிட்டால் பாரம் முன்னே போய்ப் பின்பகுதி இன்னும் விலகும். மாறாக, போகவேண்டிய திசையில் ஸ்டியரிங்கை வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கர இழுவைக் காரில் ஆக்சிலரேட்டரை அதே வேகத்தில் மிதித்தால் கார் சுழன்று நிற்கும். நாற்சக்கர இழுவைக் கார் உங்கள் பிழைகளை நீண்ட நேரம் மன்னித்துக்கொண்டே வரும். மன்னிக்க மறுக்கும்போது வேகம் மிக அதிகமாகியிருக்கும். எனவே சுபாரு, மிட்சுபிஷி எவோ போன்ற நாற்சக்கர இழுவைக் கார்களைக் கனவு காண்பவர்களிடம் முன்சக்கர இழுவையுள்ள, ஆற்றல் குறைந்த, எடை குறைந்த ஒரு காரில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். சுசுகி ஸ்விஃப்ட், பழைய ஹோண்டா சிவிக், புரோட்டான் சத்ரியா போன்றவை இதற்குப் போதும், போதுமென்பதற்கும் மேலே.

இடக்காலால் பிரேக் பிடிக்கும் கலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலக்கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே இடக்காலால் பிரேக்கை இலேசாகத் தொட்டு, பாரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது அது. முன்சக்கர இழுவைக் காரில் அதன் பயன் பெரிது. ஆனால் கிளட்சை ஓங்கி மிதித்தே பழகிய இடக்காலுக்கு மென்மை தெரியாது. முதல் முயற்சியில் இருக்கைவார் நெஞ்சை அழுத்தும் அளவுக்கு வண்டி நின்றுவிடும். நேர்க்கோட்டில், குறைந்த வேகத்தில், திறந்த திடலில் பழகிவிட்டுப் பிறகு வளைவுக்குக் கொண்டுசெல்லுங்கள். பொதுச் சாலையில் ஒருபோதும் வேண்டாம்; பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் பயிற்சி எடுக்கிறீர்கள் என்பது தெரியாது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றியும் ஒரு சொல். தார்ச்சாலையில் உயிர்காக்கும் அந்த அமைப்பு தளர்ந்த சரளையில் காரை நிறுத்த அதிகத் தூரம் எடுத்துக்கொள்ளும். பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் கற்களைக் குவித்து, அந்தக் குவியலே காரை நிறுத்த உதவும்; ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாமல் உருட்டிக்கொண்டே இருப்பதால் குவியல் உருவாவதில்லை. போட்டிக் கார்களில் ஏபிஎஸ் இல்லாமலோ துண்டிக்கப்பட்டோ இருப்பதற்கு இதுவே காரணம். சாலையில் ஓட்டும் காரில் அதைத் தொடாதீர்கள்.

கூம்புப் போட்டி ஒன்றின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வாகனச் சோதனை. காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது; தண்ணீர்ப் போத்தல், தரைவிரிப்பு, டிக்கியிலுள்ள உதிரிச் சக்கரம், கருவிப்பெட்டி எல்லாம் வெளியே. மின்கலம் அசையாமல் கட்டப்பட்டிருக்கிறதா, சக்கர ஆணிகள் முறுக்கப்பட்டுள்ளனவா, சக்கரத் தாங்கிகளில் ஆட்டம் உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு எல்லாரும் தடத்தை நடந்து பார்ப்பார்கள். இந்த நடையைச் சிலர் நண்பர்களோடு பேசிக்கொண்டு போகும் உலாவாகக் கருதுகிறார்கள். அன்று அவர்கள் தடத்தில் இழக்கும் வினாடிகளில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. தனியாக நடங்கள். ஒவ்வொரு வளைவின் வெளிவாயிலிலும் நின்று திரும்பிப் பாருங்கள். மண் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே உதிரியாக இருக்கிறது என்று காலணியின் குதிகாலால் கீறிப் பாருங்கள். ஈரமான களிமண் திட்டு எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தக் கூம்பின் அடியில் பள்ளம் விழப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் உதிரி மண் வாரி ஒதுக்கப்பட்டு, ஓடிய பாதையில் தடப் பள்ளங்கள் விழுந்திருக்கும். காலையில் விரைவாக இருந்த கோடு அப்போது விரைவாக இராது. அதனால் மதிய இடைவேளையில், அனுமதித்தால், இன்னொரு முறை நடக்க வேண்டும்.

புள்ளிமுறை உங்கள் ஓட்டும் குணத்தையே மாற்றும். தார்த்தளத்தில் நடக்கும் கூம்புப் போட்டிகளில் பொதுவாக ஒருவருடைய மிகச் சிறந்த ஓட்டம் மட்டும் கணக்கில் வரும். எஸ்சிசிஏ நடத்தும் மண் போட்டியிலோ எல்லா ஓட்டங்களின் நேரங்களும் கூட்டப்படுகின்றன. ஒரு கூம்பைத் தட்டினால் 2 வினாடி, இரு கூம்புகளுக்கு இடையிலான ஒரு வாயிலைத் தவறவிட்டால் 10 வினாடி சேரும். ஓட்டத்துக்கு அரை வினாடி வீதம் நான்கு ஓட்டங்களில் உயிரைக் கொடுத்துச் சேமித்தவர் ஐந்தாவதில் ஒரே ஒரு கூம்பைத் தட்டினால் சேமிப்பு முழுதும் போயிற்று. ஆகையால் ஒவ்வோர் ஓட்டத்தையும் காப்பது முக்கியம். முதல் போட்டியில் உங்கள் குறிக்கோள் ஒரு கூம்பையும் தட்டாமல், ஒரு வாயிலையும் விடாமல் எல்லா ஓட்டங்களையும் முடிப்பதாக இருக்கட்டும். அப்படி முடித்தாலே கடைசி இடம் கிடைக்காது. அந்த இடத்தைப் பிடிக்க வேகமானவர்கள் சிலர் எப்போதும் தயாராக இருப்பார்கள். உங்கள் ஓட்டம் இல்லாத நேரத்தில் தடத்தோரம் நின்று விழுந்த கூம்புகளை நிமிர்த்தும் வேலை உங்களுக்குத் தரப்படும். அதைச் சலித்துக்கொள்ளாதீர்கள், ஒரே வளைவைப் பலர் ஓட்டுவதை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்புக்கு வேறெங்கும் கட்டணம் கேட்பார்கள்.

இனி, இடம். உங்களுக்கு மிக அருகில் இருப்பது ஜோகூர். அதன் செம்பனைத் தோட்டங்களுக்குள் செல்லும் செம்மண் பாதைகளில் ஆசிய பசிபிக் ராலிப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 2002-இல் புரோட்டான் பெர்ட் காரில் தயாரிப்பு வகைக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்ற கரம்ஜித் சிங் மலேசியர். ராலி ஓட்டும் மரபு அங்கே உயிரோடு இருப்பதால் பட்டறைகளும், பழைய போட்டிக் கார்களும், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆட்களும் கிடைக்கிறார்கள். சிங்கப்பூர் உரிமம் மலேசியாவில் செல்லும். ஆட்டோகிராஸ் நாள்கள் எப்போது என்பதை மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் அறிவிப்புகளிலும் உள்ளூர்க் கழகங்களிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில் அந்தச் செம்மண் வழவழப்பான சேறாகிவிடும். அனுபவமில்லாதவருக்கு அது பயிற்சியாகாது, இழுவைக் கயிற்றுக்குத்தான் வேலை.

எனினும், முறையான முதல் பயிற்சிக்கு நான் பெர்த் நகரையே பரிந்துரைப்பேன். விமானத்தில் ஐந்து மணி நேரம். நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டியரிங். சரளைக்குப் பஞ்சமே இல்லாத நிலம். ஆஸ்திரேலியாவில் ராலி ஓட்டுநர் பள்ளிகள் கார், தலைக்கவசம், பயிற்றுநர் எல்லாவற்றையும் சேர்த்தே தருகின்றன. கானாகிராஸில் 12 வயதுப் பிள்ளைகளே ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் உங்களைவிடப் பல வினாடிகள் முந்தி வந்து, சிரிக்கக்கூடச் செய்யாமல் இறங்கிப் போவார். அதற்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் உறவினர் இருந்தால் கோயம்புத்தூரையும் நினைவில் வையுங்கள். 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அங்குள்ளது. இந்திய தேசிய ராலிப் போட்டியின் ஒரு சுற்று அந்த நகரை ஒட்டி நடக்கிறது. போட்டிக் கார் கட்டும் பட்டறைகள் தலைமுறை கடந்து வேரூன்றிய ஊர் அது. ஆனால் விடுமுறைக்குப் போன இடத்தில், மாமா மகனின் நண்பருடைய காரில், ஏற்பாடில்லாத திடலில் ஓட்டிப் பார்ப்பது வேறு, அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சியில் ஓட்டுவது வேறு. மருத்துவ வண்டி நிற்காத இடத்தில் ஓட்டாதீர்கள்.

வெளிநாட்டில் போட்டியிட உரிமம் வேண்டுமா என்றால், நிகழ்ச்சியின் நிலையைப் பொறுத்தது. கழக அளவில் ஒரு நாள் உரிமம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதற்கு மேல் போனால், எஃப்ஐஏ விதிகளின்படி உங்கள் நாட்டுச் சங்கம் வழங்கும் போட்டி உரிமமும், வெளிநாட்டில் ஓடுவதற்கான அதன் சம்மதமும் தேவைப்படும். சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு மோட்டார் ஸ்போர்ட்ஸ் சிங்கப்பூர் அமைப்புடையது. அதே அமைப்பின் வழியாக மரினா பே பந்தயத்துக்குத் தொண்டூழிய மார்ஷலாக, அதாவது தடத்தோரம் நின்று பாதுகாப்பைக் கவனிப்பவராக, பயிற்சி பெறலாம். கொடிகளின் பொருள், விபத்தை அணுகும் முறை, தீயணைக்கும் ஒழுங்கு ஆகியவற்றைச் செலவில்லாமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இங்கே இல்லை. ஓட்டத் தெரிந்தவர்களோடு அறிமுகமும் அங்கேதான் ஏற்படுகிறது.

ஓராண்டு கழித்து, இன்னமும் ஆசை அடங்கவில்லை என்றால், அப்போது கார். சிங்கப்பூர்ப் பதிவுள்ள காரை எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டியில் ஓட்டுவதை மறந்துவிடுங்கள். முக்கால் தொட்டி எரிபொருளோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று, அதே காரில் திங்கட்கிழமை வேலைக்கும் போகவேண்டியவர் மண்ணில் மனம்விட்டு ஓட்ட மாட்டார். மலேசியப் பதிவுள்ள காரை இங்கே கொண்டுவரவும் முடியாது. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவுள்ள வாகனத்தைச் சிங்கப்பூரில் ஓட்டச் சட்டம் இடம்தராது. நடைமுறையில் சாத்தியமானது, ஜோகூரில் நம்பகமான ஒரு பட்டறையில் நிறுத்திவைக்கப்பட்ட பழைய காரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வைத்துக்கொள்வது. பங்கு, பழுதுச் செலவு, யார் உடைத்தால் யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நட்பு கெடுவது கார் உடைவதால் இல்லை. உடைந்த பிறகு நடக்கும் பேச்சால். காருக்குச் செய்யும் செலவில் முதலிடம் டயருக்கும் அடித்தகட்டுக்கும். எஞ்சினுக்குக் கடைசி இடம். பக்கச்சுவர் தடித்த, சற்றுக் குறுகலான சரளை டயர் நான்கு போட்டால் கிடைக்கும் மாற்றத்தை எந்த எஞ்சின் வேலையும் தராது. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் டயரின் உட்புறப் பக்கச்சுவரை விரலால் தடவிப் பாருங்கள்; வெட்டு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் விழும்.

தலைக்கவசத்தை மட்டும் தொடக்கத்திலேயே சொந்தமாக வாங்குங்கள். வாடகைக் கவசம் பிறர் வியர்வை ஊறியது என்பது ஒரு காரணம். அது உங்கள் தலைக்கு அளவெடுத்ததல்ல என்பது பெரிய காரணம். மோட்டார்சைக்கிள் கவசத்தைச் சில கழகங்கள் கூம்புப் போட்டிகளில் ஏற்கலாம். ஆனால் கார்ப் பந்தயக் கவசத்தின் உள்துணி தீயைத் தாங்கக்கூடியது, கூரைக் கம்பியில் மோதுவதையும் கணக்கில் வைத்துச் சோதிக்கப்பட்டது. ஸ்னெல் எஸ்ஏ அல்லது எஃப்ஐஏ முத்திரை உள்ளதா என்று பார்த்து, புதிதாகவே வாங்குங்கள். ஐந்தாண்டுகளில் மாற்றிவிட வேண்டும். தீத்தாங்கும் உடை, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, உருள்கூண்டு, பலமுனை இருக்கைவார் எல்லாம் பிறரோடு சேர்ந்து ஓடும் கட்டத்தில் கட்டாயமாகும்.

அந்தக் கட்டம், அதாவது ஐரோப்பிய வகை ராலிகிராஸ், உங்கள் இறுதி இலக்கு என்றால், ஸ்வீடனின் ஃபோக்ரேஸ் முறையை அறிந்துகொள்ளுங்கள். மலிவான பழைய கார்களில் நடக்கும் அந்தப் போட்டியில், ஓடிய காரை நிர்ணயிக்கப்பட்ட விலையில் பிற போட்டியாளர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. பெரும்பணம் போட்டுக் கட்டிய காரை அற்ப விலைக்கு இழக்க யாரும் விரும்பாததால் எவரும் பெரும்பணம் போடுவதில்லை. ஃபின்லாந்திலும் இதே முறை இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து இத்தனை ஓட்டுநர்கள் எப்படி வருகிறார்கள் என்பதற்கு இந்த விதியில் பாதி விடை உள்ளது. உங்களைப் போன்றவர் அங்கே போய், ஏற்கெனவே தயாரான காரை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே நடைமுறை வழி.

பலரோடு ஓடும்போது புதிதாகச் சேரும் சிக்கல்கள் மூன்று. முதலாவது புழுதி: முன்னால் ஒரு கார் இருந்தால் வளைவு தெரியாது, அதன் பிரேக் விளக்குகூடத் தெரியாமல் போகலாம். இரண்டாவது, தளம் மாறும் இடம்: சரளையிலிருந்து கார்கள் இழுத்துவரும் கற்கள் தார்ப்பகுதியில் சிதறிக் கிடப்பதால், முந்தைய சுற்றில் பிரேக் பிடித்த இடம் இந்தச் சுற்றில் சரிவராது. மூன்றாவது ஜோக்கர் சுற்று. ஒவ்வொரு பந்தயத்திலும் எல்லாரும் ஒருமுறை நீளமான மாற்றுப்பாதையில் சென்றுவர வேண்டும். எஃப்ஐஏ விதிப்படி அந்தப் பாதை வழக்கமான சுற்றைவிடக் குறைந்தது 2 வினாடி கூடுதலாக எடுக்க வேண்டும். நெரிசலில் மாட்டிக்கொண்டவர் முதல் சுற்றிலேயே அதை எடுத்துவிட்டுத் திறந்த தடத்தில் ஓடுவார். முன்னணியில் இருப்பவர் கடைசிவரை தள்ளிப்போடுவார். எப்போது உள்ளே போவது என்று வானொலிக் கருவி வழியாகக் காதில் சொல்ல மேட்டில் ஒருவர் நிற்பார். இந்தக் கணக்கைக் கற்க மட்டும் வீட்டிலுள்ள கணினி உதவும். ஐரேசிங், டர்ட் ராலி 2.0 ஆகியவற்றில் ராலிகிராஸ் தடங்கள் இருக்கின்றன. ஒரு ஸ்டியரிங்கும் மிதிகளும் இருந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் படுக்கையறையே போதும். உள்ளங்கைக்கு வரும் கனத்தையும் முதுகுக்கு வரும் அசைவையும் அது தராது. பிறரோடு ஓடும் ஒழுங்கையும் ஜோக்கரின் நேரத்தையும் நன்றாகவே தரும்.

கடைசியாக, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். முதலில் காப்புறுதியைச் சரிசெய்துவிட்டுச் சொல்லுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். பயணக் காப்புறுதியும் தனிநபர் விபத்துக் காப்புறுதியும் பெரும்பாலும் அப்படித்தான். உங்கள் பத்திரங்களில் விலக்குகள் என்ற பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். நிகழ்ச்சியை நடத்துபவர் தரும் காப்புறுதி எதையெல்லாம் உள்ளடக்குகிறது, மருத்துவமனைச் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போதாதென்றால் மோட்டார் விளையாட்டை உள்ளடக்கும் தனிக் காப்புறுதி எடுங்கள். அதன் பிறகு அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து, கூம்புகளுக்கு நடுவே ஒரே ஒரு கார் இரண்டாம் கியரில் ஓடும் காணொளியைக் காட்டுங்கள். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னால் உங்கள் காரியம் முடிந்தது. லிடன் ஹில்லின் முதல் வளைவில் ஐந்து கார்கள் சேர்ந்து நுழையும் காணொளியை அடுத்த ஆண்டு காட்டிக்கொள்ளலாம்.